பியர்பொன்ட்ஸுக்குப் போன மூன்று நாட்கள்

ராசா,

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன தடித்த உறை வைத்த இடத்திலேயே இருக்கிறது. கையெழுத்து வைக்க வேண்டிய மூன்று இடங்களிலும் மஞ்சள் துண்டு ஒட்டி, அம்மாவுக்குக் கண் தெரியாது என்று அம்புக்குறியும் போட்டிருந்தாய். அம்புக்குறி நன்றாகத் தெரிகிறது. பேனையும் பக்கத்தில் கிடக்கிறது. அந்த மூன்று இடத்திலும் கையெழுத்துத்தான் இல்லை, இருக்கப்போவதும் இல்லை. வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாய். வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாய். நீ அப்படி நிற்பதற்கு முன்னாலேயே பதிலைச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னோடு போனில் கதைத்து நான் ஒரு நாளும் வென்றதில்லை. நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் "அம்மா, மீற்றிங் ஒண்டு, பேந்து எடுக்கிறன்" என்பாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. நீ எழுத்துக் கூட்டித்தான் தமிழ் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன அந்தப் பனிக்காலங்களுக்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். மெல்ல வாசி. விளங்காத இடத்தில் ஆரணியைக் கேள். அடுத்த மாதம் உனக்குப் பெண்சாதியாகப் போகிறவள், அவளுக்குத் தமிழ் உன்னைவிட நன்றாக வரும். எப்படியும் இந்தக் கடிதத்தில் ஓரிடத்தை நீ அவளுக்கு வாசித்துக் காட்டத்தான் வேண்டும். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

விஷயம் என்னவோ ஒரு பழைய சாம்பல் நிற வான் வண்டிதான். லாசாலில் நம் வீட்டு வாசலில் நிற்கும். விடிய செயின்ட்-மிஷேலில் நம் சாப்பாட்டுக் கடைக்காக நான் வாடகைக்கு எடுத்திருக்கும் சமையலறைக்குப் போகும். அங்கிருந்து இடியப்பமும் ரோல்சும் புட்டுமாக மொன்றியால் நகரமெல்லாம் சுற்றிவிட்டுப் பின்னேரம் திரும்பி வரும். சென்ற மாதம் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தின வரிக் கணக்கில் வான் செலவு முழுவதையும் தொழில் செலவாகக் காட்டியிருக்கிறீர்கள், அப்படியென்றால் எந்த நாள், எங்கிருந்து எங்கே, என்ன காரணத்துக்கு, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்ற பதிவைக் காட்டுங்கள், காட்டாவிட்டால் ஒரு சதத்தையும் ஏற்க மாட்டோம் என்று. நான் பயந்துதான் போனேன். அந்த வருஷம் வரிப் பத்திரம் நிரப்பித் தந்தவர் "வான் முழுக்கக் கடை வேலைக்குத்தானே அக்கா?" என்று கேட்டார். நான் "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டிவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். வேலை அவசரம், அடுப்பில் சொதி. அந்த "ஓம்" என்னுடையது, அதை இன்னொருவர் தலையில் கட்டமாட்டேன்.

கடிதம் வந்தது என்று சொன்னதும் நீ ஓடிவந்தாய். அதை நான் மறக்கவில்லை. காப்புறுதிக் கந்தோரில் நாள் முழுக்க வேலை செய்து கண்ணைக் கெடுத்துவிட்டு, இரண்டு கிழமையாக ஒவ்வொரு பின்னேரமும் இங்கே வந்து உட்கார்ந்தாய். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கின அந்த வருஷத்துத் தமிழ்க்கடைக் கலண்டரில், நல்லநேரம் கெட்டநேரத்துக்கு நடுவில் நான் கிறுக்கி வைத்திருந்த அத்தனையையும் படம் பிடித்தாய். யாருக்கு எத்தனை இடியப்பம், எந்த மண்டபம், எந்த வீடு, எல்லாம் அதில் இருந்தது. கிலோமீற்றருக்கு என்ன செய்வது என்று நீ தலையைச் சொறிந்தபோது, அப்பா உள்ளே போய் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தார். ஒவ்வொரு முறையும் பெற்றோல் அடித்தபின் ரசீதின் பின்பக்கத்தில் வான் ஓடிய கணக்கைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார் மனுசன். வரிக்காக இல்லை. வான் பெற்றோலைக் கூடக் குடிக்கிறது என்று அவருக்குப் பத்து வருஷமாகச் சந்தேகம். "இப்ப பாரும், என்ர விசர்க் குணம் எதுக்கு உதவுது எண்டு" என்று என்னைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். இரண்டு நாள் அவரோடு கதைக்க முடியவில்லை, அவ்வளவு பெருமை.

அந்த உறைக்குள் நீ அச்சடித்து வைத்திருந்த பதிவை, ஞாயிறன்று உன் கார் மூலையில் திரும்புவதற்குள் கையில் எடுத்துவிட்டேன். அழகான பட்டியல். நாள் ஒரு கட்டம், இடம் ஒரு கட்டம், தூரம் ஒரு கட்டம், காரணம் ஒரு கட்டம். முதல் சில பக்கங்களில் எனக்கும் பெருமைதான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். கோயில் அன்னதானத்துக்கு நான் புட்டவித்துக் கொண்டுபோனது "விளம்பரம்" ஆகியிருந்தது. என் தங்கையைக் கூட்டிவர விமான நிலையம் போனது "பொருள் வாங்கப் போனது" ஆகியிருந்தது. செத்தவீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோன அத்தனை பயணமும் "வாடிக்கையாளர் தேடும் பயணம்." பிரெஞ்சில் எழுதினால் அம்மாவுக்கு விளங்காது என்று நினைத்தாயா? பதினொரு வருஷம் தையல் தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரியின் வாயில் பிரெஞ்சு படித்தவள் நான். ஏச்சும் விளங்கும், மழுப்பலும் விளங்கும்.

ஞாயிறு பின்னேரமே உனக்குப் போன் எடுத்தேன், நினைவிருக்கும். "அம்மா, எல்லாரும் இப்பிடித்தான் எழுதுகினம். அதுவும் இது பொய்யில்லை. செத்தவீட்டில சாப்பிட்ட ஆக்கள்தானே பேந்து உங்களுக்கு ஓடர் தருகினம்?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சம்மதித்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். கோபத்தில் வைத்தேன், அவ்வளவுதான். கோபம் உன்மேல் பாதி, என்மேல் பாதி.

என்மேல் ஏனென்றால், இதை உனக்குப் பழக்கியதே நான்தான். வான் வாங்கிய முதல் வருஷத்தை யோசித்துப் பார். அதற்கு முன்னால் ரோல்ஸ் பெட்டிகளைப் பயணப் பையில் அடுக்கி மெத்ரோ ரயிலில் கொண்டு திரிந்தேன். பையைப் பூட்டலாம், மணத்தைப் பூட்ட முடியாது, எதிரில் இருப்பவர்கள் எல்லாம் என் மடியையே பார்ப்பார்கள். நாற்பத்துமூன்று வயதில் வாகனம் ஓடப் பழகி, இரண்டு முறை சோதனையில் விழுந்து, மூன்றாம் முறை எழும்பி, அந்த வானை வாங்கினேன். வரிப் பத்திரம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் கிலோமீற்றர் புத்தகம் என்று ஒன்று வைத்திருக்க வேண்டும் என்றே தெரியவந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் நீயும் நானும் அப்பாவும் இதே மேசையில் உட்கார்ந்து, ஒரு முழு வருஷத்தையும் ஒரே நீலப் பேனையால் எழுதி முடித்தோம். உன் பிரெஞ்சு எழுத்துத்தான் வடிவு என்று பேனையை உன்னிடம் நீட்டினது நான். உனக்கு அப்போது பதினேழு. ஓரிடத்தில் நிறுத்தி, "அம்மா, இந்த நாள் நாங்கள் தேருக்கெல்லோ போனனாங்கள்?" என்று கேட்டாய். "கோயிலுக்குப் பக்கத்தில ஒரு ஓடர் எண்டு எழுது ராசா" என்றேன். நீ நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு குனிந்து எழுதினாய்.

கியர்பெட்டி உடைந்து வான் ஒரு கிழமை கராஜில் கிடந்ததை நாங்கள் மூன்று பேரும் மறந்தே போனோம். நம் புத்தகத்தில் அந்தக் கிழமையும் அது ஒவ்வொரு நாளும் நாற்பது கிலோமீற்றர் ஓடியிருந்தது. புத்தகமும் கராஜ் பில்லும் மேசை லாச்சிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. யாரும் வந்து கேட்கவில்லை. பிறகு எப்போதோ அப்பா அதைக் கண்டுபிடித்து, "எங்கட வான் படுத்த படுக்கையிலயும் உழைக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் வயிறு நோகச் சிரித்தேன். அன்றைக்கு யாராவது கதவைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ இப்போது இந்தப் பட்டியலைக் கொண்டுவந்திருக்க மாட்டாய். பதினேழு வயதில் நீ என்னைப் பார்த்த அந்தப் பார்வைக்கு நான் அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும், ராசா. சொல்லவில்லை. அது என் பிழை. இன்றைக்கு, பிந்தினாலும், சொல்லுகிறேன்: அப்படி எழுதாதே.

இதை வாசித்துவிட்டு, அம்மா வரிக்காரரின் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று நினைக்காதே. அவர்களோடும் எனக்குச் சண்டைதான். திங்கட்கிழமை நானே அந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் போனைப் பறித்திருப்பாய். என் கோப்பைப் பார்க்கிற மதாம், அந்த அதிகாரி, குரலைக் கேட்டால் சின்னப் பெண்தான், மரியாதையாகக் கதைத்தாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, லாசாலில் இருந்து செயின்ட்-மிஷேலுக்கு விடிய ஐந்து மணிக்கு ஓடுகிற தூரம் எந்தக் கணக்கு என்று கேட்டேன். வீட்டில் இருந்து வேலையிடத்துக்குப் போய் வருவது சொந்தப் பாவனை, அதாவது சொந்தத் தேவைக்கு ஓடியது, தொழில் செலவில் சேராது என்றாள். "மதாம், அந்த வானில் நான் உலாப் போகவில்லை, மூன்று பானை ஊறப்போட்ட உழுந்து போகிறது" என்றேன். உழுந்து போனாலும், போகும் வழியில் வேறு வேலை ஒன்றும் இல்லையென்றால், அது சொந்தப் பாவனைதான் என்றாள். தானும் அலுவலகத்துக்குக் காரில் வருவதாகவும் தனக்கும் அதே விதிதான் என்றும் சொன்னாள். "நீங்கள் பானை தூக்குவதில்லை" என்றேன். சிரித்துவிட்டாள். விதியை எழுதினவர்கள் ஒருநாளும் பனியில் பானை தூக்கவில்லை என்பது எனக்கு நிச்சயம், சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனாலும் அந்தப் பயணங்களை எல்லாம் சேர்த்து ஒரே திருத்தமாகச் சொந்தப் பாவனை என்றே எழுதிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

அதோடு விடவில்லை. கலண்டரும் பெற்றோல் ரசீதும் இருந்தால் பதிவாக ஏற்பீர்களா என்று கேட்டேன். மூலத்தைக் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன், ஏற்பேன் என்று இப்போது வாக்குத் தரமாட்டேன் என்றாள். சரி, பார்க்கட்டும். மைனஸ் முப்பதில் கண்ணாடி உறைந்து, கதவு திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க, சுடுதண்ணீர் ஊற்றித் திறந்து, கலியாண வீடுகளுக்கும் பிறந்தநாள் மண்டபங்களுக்கும் நேரம் தவறாமல் ஓடின வான் அது. நான் உழைத்து ஓடின தூரத்தில் ஒரு கிலோமீற்றரையும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். கலண்டரின் ஒவ்வொரு கட்டத்தையும் அவள் மேசையில் விரித்துப் போட்டு வாதாடுவேன். ஆனால் அப்படி வாதாட வேண்டுமென்றால் அந்தக் கட்டங்களில் பொய் இருக்கக்கூடாது. ஒரு பொய்யை அவள் கண்டுபிடித்தால், மற்றதெல்லாம் உண்மை என்று எந்த வாயால் சொல்வேன்?

இப்போது செத்தவீடுகளுக்கு வருகிறேன். தகனம் முடியும் வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது உனக்குத் தெரியும். சுற்றி இருப்பவர்கள்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். மொன்றியாலில் சுற்றி இருப்பவர்கள் என்றால் யார்? பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலியக் கிழவர், மேல்வீட்டில் யாரென்றே தெரியாது, சொந்தக்காரர் எல்லாம் ரொறன்ரோவில். ஆகவே எனக்குப் போன் வரும். நான் போவேன். இதில் ஒன்றை நீ கவனித்திருக்கமாட்டாய். செத்தவீட்டுச் சாப்பாட்டை நான் ஒருநாளும் செயின்ட்-மிஷேல் சமையலறையில் சமைத்ததில்லை. வீட்டு அடுப்பில், வீட்டு அரிசியில், நம் வீட்டுப் பானையில்தான். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. கடை அடுப்பில் வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அந்த வருஷம் அப்படிப் பத்தொன்பது வீடு. உன் பட்டியலில் பத்தொன்பதும் வாடிக்கையாளர் தேடல்.

அந்தப் பத்தொன்பதில் ஒன்று, நகரத்தின் மற்றத் தொங்கலில் இருக்கிற பியர்பொன்ட்ஸ் வீடு. மூன்று நாள், மூன்று வரி. உன் பட்டியலில் பன்னிரண்டாம் பக்கம். கலண்டரில் நான் "செத்தவீடு" என்று எழுதியிருந்த இடங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே தட்டலில் மாற்றியிருப்பாய். ஒவ்வொன்றாய்ப் பார்த்திருந்தால் உன் கை நின்றிருக்கும் என்று நம்புகிறேன். நீ பார்க்காமல் விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது ஆரணியின் அப்பா செத்தவீடு, ராசா.

அன்றைக்கு அவர்கள் எங்களுக்கு யாருமில்லை. யாரோ போன் எடுத்து, "பியர்பொன்ட்ஸில ஒரு செத்தவீடு, ஒரு தாயும் மகளும்தான், சமைக்க ஆளில்லை" என்றார்கள். அப்பாவுக்கு இடுப்புப் பிடித்திருந்ததால் பானை தூக்க உன்னைக் கூப்பிட்டேன். வழி முழுக்க முணுமுணுத்தாய். "யாரெண்டே தெரியாத வீட்டுக்கு ஏனம்மா இவ்வளவு தூரம்?" என்றாய். தெரியாத வீடு என்றால் அவர்களுக்குப் பசிக்காதா என்று கேட்டேன். போய், குசினியில் பானைகளை இறக்கி வைத்தோம். சோபா மூலையில் வெறித்துப் பார்த்தபடி இருந்த ஆரணிக்கு நான் ஒரு தட்டில் இடியப்பமும் சொதியும் போட்டு, உன் கையில் தந்து கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். அவள் வாங்கவில்லை. நீ தட்டை அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாய். கொஞ்ச நேரத்தில் அவள் சாப்பிடத் தொடங்கினாள். வெளிக்கிடும்போது வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்க "போட்டு வாறம்" என்று சொன்னாயே, அதையும் நான் மறக்கவில்லை. திரும்பவும் வருவோம் என்ற, செத்தவீட்டில் சொல்லக்கூடாத ஒரே சொல்லை அவ்வளவு பெரிய குரலில் சொன்னாய். ஒரு கிழவி நெஞ்சில் கை வைத்தார். நான் உன் கையில் கிள்ளினேன்.

இரண்டாம் நாள் முணுமுணுப்பு இல்லை. மூன்றாம் நாள் நான் கொட்டைப் பாக்கு அளவு புளியைக் கரைத்துக்கொண்டு நிற்கும்போதே நீ கொக்கியில் தொங்கின வான் திறப்பை எடுத்துக்கொண்டு, "நீங்கள் இருங்கோ அம்மா, நானே கொண்டுபோறன்" என்றாய். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அந்த வீட்டைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் கேள்விக்குப் பதில் அதில்தான் உண்டு என்பதால் சொல்கிறேன், வெட்கத்தோடு. முதல் நாள் வெளியே வந்து பனிச்சப்பாத்தைப் போடக் குனிந்தபோது, வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளை எண்ணினேன். அறுபத்திரண்டு சோடி. இவ்வளவு சனம் என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு இருநூறு பேராவது வருவார்கள், அந்த ஓடர் எனக்குத்தான் வரும் என்று மனம் கணக்குப் போட்டது. உள்ளே ஒரு பிள்ளை தகப்பனை இழந்து உட்கார்ந்திருக்கிறது, நான் வாசலில் நின்று சப்பாத்து எண்ணுகிறேன். ஒரு நிமிஷம்தான். ஆனால் எண்ணினேன். மூன்றாம் நாள் ஆரணியின் அம்மா கழுவின பானைக்குள் ஒரு காசு உறை வைத்து உன்னிடம் தந்துவிட்டார். அடுத்த நாள் நான் அதைத் திருப்பிக் கொண்டுபோய், "அக்கா, இதுக்குக் காசு வாங்கினா என்ர கைக்குச் சமைக்க வராது" என்றேன். அந்த உறையை நான் திருப்பியதில் பாதி அந்தச் சப்பாத்துகளுக்காக.

அந்தியேட்டி ஓடர் வந்தது. செய்தேன், காசு வாங்கினேன், அந்தப் பயணம் தொழில் பயணம் என்று நெஞ்சில் கை வைத்து எழுதியிருக்கிறேன். ஆகவே நீ கேட்டது விசர்க் கேள்வி இல்லை. செத்தவீட்டுக்குப் போனதால் ஓடர் வருகிறது, உண்மை. ஆனால் நான் அதற்காகவா போனேன்? அந்த ஒரு நிமிஷத்து அற்பத்தனத்தை நான் இரண்டு வருஷமாக விழுங்க முடியாமல் திரிகிறேன். நீ அதை எடுத்து, நேர்த்தியான எழுத்தில் அச்சடித்து, அம்மா இதற்காகத்தான் போனாள் என்று அரசாங்கத்துக்கு எழுதித் தந்து, கீழே என் கையெழுத்தையும் கேட்கிறாய். மாட்டேன். வரி கட்டுகிறேன். வட்டியும் சேர்த்துக் கட்டுகிறேன். புது வான் எடுக்கும் கதை இந்த வருஷம் இல்லை, இந்தக் கிழட்டு வானே இன்னும் இரண்டு பனிக்காலம் ஓடும். ஆனால் நான் மூட்டிய வீட்டு அடுப்பை விளம்பரப் பலகையாக விற்கமாட்டேன்.

கலியாணம் முடிந்ததும் கடையைக் கொம்பனியாக்கி உன் பெயருக்கும் ஆரணி பெயருக்கும் மாற்றுவதாக இருக்கிறோம். அதற்கு முன்னால் இந்தக் கோப்பை மூடிவிட வேண்டும் என்பதுதான் உன் அவசரம், தெரியும். நல்லது. கடை உங்களுக்குத்தான். ஆனால் நான் திருத்திய இந்தப் பதிவோடுதான் கைமாறும். அது உனக்குச் சரிப்படாதென்றால், கடை என் பெயரிலேயே இருக்கட்டும், எனக்கு இன்னும் கையும் காலும் ஓடுகிறது. பெற்ற பிள்ளையிடம் இப்படிப் பேரம் பேசுவதா என்று அப்பா கேட்டார். ஓம், பேசுவேன். வானில் போனால் போன இடத்தை எழுது. வீட்டுக்கு வந்தபின் ஆரணி எங்கே போனாய் என்று கேட்டால், போன இடத்தைச் சொல். கலியாணத்துக்கு அம்மா தருகிற புத்திமதி அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் அடிபட்டுப் பழகுங்கள், நாங்களும் அப்படித்தான்.

வியாழக்கிழமை நீ வரும்போது வாசலில் வான் நிற்காவிட்டால் பதறாதே. அந்த மதாம் எனக்கு நேரம் தந்திருக்கிறாள். அப்பா சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வருவார், நான் வான் ஓடுவேன். எங்கே நிறுத்துவது என்று அவர் வழி முழுக்கச் சொல்லுவார், நான் கேட்கமாட்டேன். உன் பட்டியலையும் கொண்டுபோகிறேன். தூக்கி எறியவில்லை, நீ உழைத்த உழைப்பு அது. சிவப்புப் பேனையால் வெட்ட வேண்டியதை வெட்டி, என் கையால் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்குக் கீழேயும் கையெழுத்து வைத்திருக்கிறேன். நீ கேட்டது மூன்று கையெழுத்து, நான் வைத்தது நாற்பதுக்கு மேல்.

ஆரணிக்கு வாசித்துக் காட்ட வேண்டிய இடம் இதுதான். அவளை முன்னால் இருத்திவைத்து, பன்னிரண்டாம் பக்கத்தில் நீ என்ன எழுதினாய் என்று முதலில் சொல். அவளுடைய அப்பாவின் மூன்று நாளும் வாடிக்கையாளர் தேடல்தான் என்று அவள் வாயால் சொன்னால், மஞ்சள் துண்டு ஒட்டிய மூன்று இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன். அவள் சொல்லமாட்டாள். அதற்குப் பிறகு, அந்த மூன்று வரியையும் வெட்டிவிட்டு நான் எழுதியதை வாசி.

முதல் நாள்: லாசாலில் இருந்து பியர்பொன்ட்ஸ். செத்தவீட்டுக்குச் சாப்பாடு. சொந்தப் பாவனை.

இரண்டாம் நாள்: அதே வீடு. சொந்தப் பாவனை.

மூன்றாம் நாள்: அதே வீடு. வான் ஓடியது மகன். காரணத்தை அவனிடம் கேட்கவும்.

அம்மா